உழைப்பவர் யார், உரியவர் யார்?

(கிராம வளர்ச்சிப் பணியாளர்களின் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாலினமும் சர்வதேச வளர்ச்சியும் என்னும் முதுகலைப் படிப்பைக் குறித்து இன்று பேசுமாறு முகாமை நடத்துவோர் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பு வாசிக்கப்பட்டபோது பின்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை புரிந்ததை நாம் கவனித்தோம். அதில் வியப்பொன்றும் இல்லை. ஏரிக்கரையைச் செப்பனிடுவது, குடிநீர்க் குழாய் பதிப்பது, சுய உதவிக் குழுவின் கணக்கைச் சரிபார்ப்பது ஆகிய வேலைகளில் நாள் முழுதும் ஈடுபட்டிருக்கும் உங்களுக்கு, கடல் கடந்த பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் ஒரு பாடத்தினால் ஆகப்போவது என்ன என்ற ஐயம் எழுவது இயற்கையே. மகளை மேற்படிப்புக்கு அனுப்ப எண்ணும் பெற்றோரும் நம்மிடம் வந்து, "இதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள்.

இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை கூற முயல்வோம். ஆனால் பாடத்திட்டத்திலிருந்து தொடங்கப் போவதில்லை. நமக்கு நன்கு பழக்கமான நெல் வயலிலிருந்தே தொடங்குவோம். வயல் நம் நாட்டது அன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ளது.

காம்பியா என்பது அப்பகுதியிலுள்ள ஒரு சிறு நாடு. அதே பெயருள்ள ஆற்றின் இரு கரைகளையும் தழுவிக் கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பது. 1965-ஆம் ஆண்டில் விடுதலை பெற்றது. அங்கு வாழும் மாண்டிங்கா மக்களிடையே ஒரு தொழிற் பிரிவினை நெடுங்காலமாக இருந்து வந்தது. மேட்டு நிலத்தில் நிலக்கடலையும் கம்பும் சோளமும் பயிரிடுவோர் ஆடவர். ஆற்றோரத்துச் சதுப்பு நிலத்தில் நெல் பயிரிடுவோர் மகளிர். எந்த மண்ணுக்கு எந்த விதை ஏற்றது, வெள்ளம் எப்போது ஏறும், உவர் நீர் எதுவரை வரும் என்னும் அறிவெல்லாம் தாயிடமிருந்து மகளுக்கு வந்த சொத்தாகும்.

நிலத்தின் மீதும் அவர்களுக்கு இருவகை உரிமைகள் இருந்தன. 'மருவோ' என்பது குடும்பத்தின் பொது நிலம். அதில் அனைவரும் உழைத்தல் கடமை. விளைச்சல் குடும்பத்தின் உணவுக்காகக் குடும்பத் தலைவரின் பொறுப்பில் சேரும். 'கமன்யாங்கோ' என்பது தனியுரிமை நிலம். அதன் விளைச்சல் பயிரிட்டவருக்கே உரியது. விற்றுப் பணமாக்கினாலும் கேட்பாரில்லை. சதுப்பைத் திருத்தி வயலாக்கிய பெண்ணுக்கு அந்த வயல் தனியுரிமையாயிற்று. அதைத் தன் மகளுக்கு அளிக்கவும் அவளால் முடிந்தது.

விடுதலைக்குப் பின்னர் அரிசி இறக்குமதியைக் குறைக்க வேண்டும் என்ற நன்னோக்கத்துடன் பாசனத் திட்டங்கள் வந்தன. 1966 முதல் 1974 வரை தைவான் நாட்டு நிபுணர்களும், அவர்களைத் தொடர்ந்து உலக வங்கியும், சீன நாட்டு நிபுணர்களும் அப்பணியை மேற்கொண்டனர். நீர் இறைக்கும் பம்புகள் வந்தன. உயர் விளைச்சல் விதை வந்தது. உரமும் கடனும் வந்தன. இவையனைத்தும் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன? ஆடவரிடம். பயிற்சி பெற்றவரும் அவர்களே. விவசாயி என்றால் ஆண்மகனே என்று வந்தவர்கள் எண்ணினார்கள். உள்ளூர் அதிகாரிகளும் அதை மறுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த மகளிரோ புதிய வயல்களில் பிறருக்கு நாற்று நடும் ஆட்களாயினர். எதிர்பார்த்த இருபோகச் சாகுபடி பரவவில்லை. அரிசி இறக்குமதியும் ஓயவில்லை.

1984-ஆம் ஆண்டில் ஜஹாலி, பாச்சார் என்னும் சதுப்பு நிலப் பகுதியில் ஏறத்தாழ 1,500 ஹெக்டேர் பரப்பில் ஒரு பெருந்திட்டம் தொடங்கியது. சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியம் அதற்குப் பொருளுதவி செய்த நிறுவனங்களுள் ஒன்று. இம்முறை திட்டம் வகுத்தோர் பழைய தவற்றை அறிந்திருந்தார்கள். மகளிர் முறையிட்டதன் பேரில் பெரும்பாலான வயல்கள் அவர்கள் பெயரிலேயே பதிவும் செய்யப்பட்டன. பிரச்சினை தீர்ந்தது என்று நாம் நினைப்போம். தீரவில்லை. பதிவேட்டில் மகளிர் பெயர் இருந்தபோதிலும், அவ்வயல்கள் குடும்பத்தின் பொது நிலம் என்றே கொள்ளப்பட்டன. ஆகவே விளைச்சல் குடும்பத் தலைவரின் கைக்குச் சென்றது. உழைப்போ ஒரு போகத்துக்குப் பதில் இரு போகமாயிற்று. முன்னர்த் தனியே பயிரிட்டு நாலு காசு கண்ட பெண்ணுக்கு, அதற்கான நிலமும் இல்லை, நேரமும் இல்லை என்ற நிலை ஏற்பட்டது. சிலர் நெல்லில் பங்கு கேட்டனர். சிலர் வேறு நிலம் கேட்டனர். சிலர் வேலைக்கு வர மறுத்தனர். இன்னும் சிலர் குழுவாகச் சேர்ந்து கூலிக்கு நடவு செய்யப் புறப்பட்டனர்.

இந்த வரலாற்றை ஜென்னி டே என்பவர் 1981-ஆம் ஆண்டிலும், ஜூடித் கார்னி என்பவர் 1988-ஆம் ஆண்டிலும் ஆராய்ச்சிக் கட்டுரைகளாக எழுதினார்கள். நாம் இன்று பேச வந்த படிப்பில் இது நன்கு அறியப்பட்ட ஒரு பாடம்.

இதில் யாரும் வஞ்சகம் செய்யவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நீர் வந்தது நல்லது. விதை வந்தது நல்லது. கேட்கப்படாமற் போனவை சில கேள்விகளே. வேலையைச் செய்கிறவர் யார்? பலன் யார் கையில் சேருகிறது? முடிவு செய்கிறவர் யார்? குடும்பம் முழுவதையும் ஒரே ஆளாக எண்ணி, அந்த ஆளின் பெயர் குடும்பத் தலைவர் என்று எழுதிக்கொண்டதனால் வந்த கேடு அது. "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அந்தப் பழமொழி உணர்த்தும் உண்மையைத்தான் இப்படிப்பு அளந்தும் எண்ணியும் ஆராய்கிறது.

இனிப் 'பாலினம்' என்ற சொல்லைப் பார்ப்போம். ஆண், பெண் என்று பிறப்பது பால். இன்ன வேலை ஆணுக்கு, இன்ன வேலை பெண்ணுக்கு, இது அவனுடைய சொத்து, இது அவள் பேசத் தகாத விஷயம் என்று ஊரும் வழக்கமும் வகுத்து வைப்பது பாலினம். பால் எங்கும் ஒன்று. பாலின வகுப்பு ஊருக்கு ஊர் மாறும். காம்பியாவில் நெல் முழுவதும் பெண்ணின் பயிர். நம் ஊரில் ஏர் பிடிப்பது ஆண், நாற்று நடுவது பெண். இயற்கை விதித்ததாயின் இரண்டு ஊர்களிலும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்? மனிதர் வகுத்ததாகையால், நியாயமன்று என்று கண்டால் மனிதரே அதை மாற்றவும் கூடும்.

இப்படிப்பு தோன்றிய விதத்தையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். எஸ்தர் போஸரப் என்னும் டென்மார்க் நாட்டுப் பொருளாதார அறிஞர் 1957 முதல் 1960 வரை இந்தியாவில் தங்கி ஆராய்ச்சிப் பணியில் ஈடுபட்டிருந்தார். ஆசியாவின் ஏர் விவசாயத்தையும் ஆப்பிரிக்காவின் மண்வெட்டி விவசாயத்தையும் ஒப்புநோக்கி, பொருளாதார வளர்ச்சியில் மகளிரின் பங்கு குறித்து 1970-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். புதிய கருவியும் பயிற்சியும் ஆடவருக்கே அளிக்கப்பட்டமையால், வளர்ச்சியே இருசாராருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வைப் பெருக்கிவிட்டது என்பது அவர் கண்ட முடிவு. 1973-ஆம் ஆண்டில், அமெரிக்கா வெளிநாடுகளுக்கு அளிக்கும் உதவித் திட்டங்களில் மகளிரையும் சேர்க்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. 1975-ஆம் ஆண்டில் மெக்சிகோ நகரில் ஐக்கிய நாடுகள் சபையின் முதல் உலக மகளிர் மாநாடு நடைபெற்றது.

ஆனால் திட்டத்தில் மகளிரைச் சேர்த்துவிட்டாற் போதுமா என்ற கேள்வி விரைவிலேயே எழுந்தது. 1970-களின் இறுதியில் இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் கூடிய ஆராய்ச்சியாளர்கள், பெண்ணை மட்டும் தனியே பார்ப்பதில் பயனில்லை, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே அதிகாரம் எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கிறது என்பதையே ஆராய வேண்டும் என்று வாதிட்டனர். அந்த வாதத்திலிருந்து வளர்ந்ததே இன்றைய பாடம். சஸெக்ஸிலும், நெதர்லாந்தின் ஹேக் நகரிலும், பின்னர்ப் பல நாடுகளிலும் இது முதுகலைப் படிப்பாக ஏற்பட்டது.

இது முழுவதும் மேல்நாட்டுச் சரக்கு என்று கருதுவது பிழை. மகளிர் நிலை பற்றி ஆராய இந்திய அரசு 1971-ஆம் ஆண்டில் ஒரு குழுவை நியமித்தது. 'சமத்துவத்தை நோக்கி' என்னும் அதன் அறிக்கை 1974-ஆம் ஆண்டில் வந்தபோது, விடுதலை பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் மகளிர் பலரின் நிலை பல துறைகளில் தாழ்ந்துவிட்டது என்று அறிந்து நாடு திடுக்கிட்டது. 1984-ஆம் ஆண்டில் பெங்களூரில் தேவகி ஜெயின் அவர்களின் முயற்சியால் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் பெண் அறிஞர்கள் ஒன்றுகூடி, ஏழை நாடுகளின் பார்வையிலிருந்து வளர்ச்சியை ஆராயத் தொடங்கினர். அதே ஆண்டில் நம் மாநிலத்தில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. பீனா அகர்வால் அவர்கள் தெற்கு ஆசியாவில் மகளிரின் நில உரிமை பற்றி 1994-ஆம் ஆண்டில் எழுதிய நூலை இன்று உலகெங்கும் இத்துறை மாணவர்கள் கற்கின்றனர்.

நம் சொந்தப் பணியின் வரலாற்றிலும் இந்தப் பாடத்துக்கு இடமுண்டு. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் நம் நாட்டில் தொடங்கியது. கிராம சேவகர் உழவரிடம் சென்று விதையும் உரமும் பற்றிப் பேசினார். கிராம சேவிகை மகளிரிடம் சென்று குழந்தை வளர்ப்பும் தையலும் புகையில்லா அடுப்பும் பற்றிப் பேசினார். அச்சேவிகைகள் செய்த தொண்டு பெரிது. அதைக் குறைத்துக் கூற நமக்கு உரிமையில்லை. ஆயினும் நாற்று நட்டவளிடம் நெல்லைப் பற்றிப் பேச அத்திட்டம் பெரும்பாலும் யாரையும் அனுப்பவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறரைச் சொல்வானேன்? நம்முடைய தவறு ஒன்றையே கூறுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கிராமத்தில் வீடுவீடாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் எல்லாக் கேள்விகளுக்கும் விடையளித்தார். தம் தொழில் விவசாயம் என்றார். மனைவியின் தொழில் யாதெனக் கேட்டபோது, "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்றார். நாமும் அவ்வாறே எழுதினோம். அந்த அம்மையாரோ அப்போதுதான் முழங்கால் வரை சேறு காய்ந்த நிலையில் களையெடுத்துவிட்டு வந்து, ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். பள்ளியிறுதி வகுப்பில் படிக்கும் அவர் மகள் நம் தோளருகே எட்டிப் பார்த்துப் படிவத்தை உரக்கப் படித்தாள்: "அம்மா, உனக்கு வேலை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்." அந்த அம்மையார் கோபிக்கவில்லை. "அப்படியானால் நாளைக்கு இந்த ஆட்டை யார் பார்ப்பது என்று அவரிடமே கேள்" என்று மட்டும் சொன்னார்.

நாம் வெட்கித் தலைகுனிந்தோம். அது ஒரு சொல்லை எழுதுவதில் நேர்ந்த பிழையோடு நிற்பதன்று. விவசாயி என்று எழுதப்பட்டவருக்கே விவசாயப் பயிற்சியின் அழைப்பு செல்லும். பட்டா யார் பெயரில் உள்ளதோ அவருக்கே பயிர்க்கடனும் இழப்பீடும் எளிதிற் கிட்டும். 2015-16-ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடிக் கைப்பற்றுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 மட்டுமே மகளிரின் பொறுப்பில் இருந்தன. 2019-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கு இன்னொரு செய்தியைக் கூறுகிறது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் அதில் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் செலவிட்டது 97 நிமிடம். ஐந்து மணி நேர வேலையைச் 'சும்மா' என்ற ஒரு சொல்லுக்குள் நாம் அடக்கிவிடுகிறோம்.

இப்படிப்பில் கற்பிப்பவை யாவை? குடும்பத்துக்குள் உணவும் பணமும் உழைப்பும் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்னும் பொருளாதாரம், சொத்துரிமைச் சட்டம், கணக்கெடுக்கும் முறையும் கணக்கில் விடுபடுவதைக் கண்டுபிடிக்கும் முறையும், அரசின் வரவு செலவுத் திட்டத்தில் யாருக்கு என்ன சேருகிறது என்று ஆராய்தல், இறுதியில் ஒரு கிராமத்திலோ நகரத்திலோ களப்பணி செய்து ஆய்வுரை எழுதுதல். முடித்தவர்கள் அரசுத் துறைகளிலும், ஐக்கிய நாடுகள் சபையின் கிளை நிறுவனங்களிலும், தொண்டு நிறுவனங்களிலும், கல்லூரிகளிலும் பணியாற்றுகிறார்கள். பெற்றோரின் கேள்விக்கு இதுவே விடை.

இத்துறை அறிஞர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறவர்கள் என்றும் எண்ண வேண்டாம். வங்காளதேசத்தில் மகளிருக்கு அளிக்கப்பட்ட சிறுகடன்களை ஆராய்ந்த ஆன் மேரி கோட்ஸ், ரீனா சென் குப்தா ஆகிய இருவரும், கடன் பெண்ணின் பெயரில் இருந்தாலும் பல வீடுகளில் அதைப் பயன்படுத்துகிறவர் ஆணே என்று 1996-ஆம் ஆண்டில் எழுதினர். நைலா கபீர் அவர்கள் 2001-ஆம் ஆண்டில் வேறொரு கோணத்தைக் காட்டினார். கடன் வாங்கிய மகளிரையே கேட்டபோது, வீட்டுக்குப் பணம் தம் வழியே வருவதால் தம் சொல்லுக்கு மதிப்புக் கூடியது என்று பலர் கூறியதை எடுத்துரைத்தார். இரண்டு கூற்றுகளும் களத்திலிருந்து வந்தவையே. நல்ல படிப்பு இவ்விரண்டையும் நம் முன் வைத்து, "உன் ஊரில் எப்படி?" என்று கேட்கிறது.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது; வெளிநாட்டில் படிக்கச் செலவு மிகுதி. ஆகையால் எந்தப் பெண்களைப் பற்றி அதிகம் எழுதப்படுகிறதோ அவர்களின் பெண் மக்கள் அங்கே செல்வது அரிது. ஆராய்ச்சிக்கு வந்து கேள்வி கேட்டுச் செல்பவர், எழுதியதை ஊருக்குத் திரும்பக் கொணர்ந்து காட்டுவதும் அரிது. 1995-ஆம் ஆண்டின் பெய்ஜிங் மாநாட்டுக்குப் பின்னர் எல்லாத் திட்டங்களிலும் பாலின நோக்கு வேண்டும் என்ற கொள்கை பரவியது. அது பல இடங்களில், கூட்டத்துக்கு வந்த பெண்களின் தலைகளை எண்ணிப் படிவத்தில் நிரப்பும் சடங்காகக் குறுகிவிட்டது. வந்தவர் பேசினாரா, பேசியது தீர்மானத்தில் ஏறியதா என்று கேட்பவர் சிலரே. ஜஹாலி, பாச்சார் வயல்களில் பெயர் பதிந்த கதையை இங்கே நினைவுகூர்வது நன்று.

நம் மாநிலத்துக்கு வருவோம். காம்பியாவின் திட்டத்துக்கு உதவிய அதே சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் துணையுடன், 1983-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989-ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. அவ்விதையே பின்னர் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவியது. அதே 1989-ஆம் ஆண்டில் பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை அளிக்கும் சட்டத் திருத்தம் நம் மாநிலத்தில் வந்தது. நாடு முழுமைக்கும் அது 2005-ஆம் ஆண்டில்தான் வந்தது. ஊராட்சிகளில் மகளிருக்குப் பாதி இடம் ஒதுக்கும் சட்டம் 2016-ஆம் ஆண்டில் இங்கு நிறைவேறியது. பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது. பெருமைப்பட வேண்டியதே. எனினும் கடன் புத்தகம் யார் பெட்டியில் இருக்கிறது, பாகப் பிரிவினையில் தங்கையின் கையொப்பம் எதற்காக வாங்கப்படுகிறது, ஊராட்சித் தலைவியின் நாற்காலியில் அமர்பவர் யார் என்பவற்றை நாம் இன்னும் கேட்டாக வேண்டும்.

அவற்றைக் கேட்பதற்கு முதுகலைப் பட்டம் தேவையில்லை. ஒரு திட்டத்தை ஊருக்குக் கொண்டு செல்லுமுன் நான்கு கேள்விகளை உங்கள் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வேலையை இப்போது செய்கிறவர் யார்? நிலமும் கருவியும் பணமும் யார் வசம் உள்ளன? இத்திட்டத்தால் யாருடைய வேலை கூடும், யாருடைய வேலை குறையும்? வரும் பலனை என்ன செய்வது என்று முடிவு செய்கிறவர் யார்? இக்கேள்விகளைத் திண்ணையில் இருப்பவரிடம் மட்டுமன்றி, ஆட்டுக்குத் தழை கட்டுகிறவரிடமும் கேளுங்கள். அவருக்கு ஒழிந்த நேரத்தில் சென்று கேளுங்கள்.

உங்கள் ஊரில் பட்டம் பெற்ற பெண் ஒருத்தி இப்படிப்பைப் படிக்க விரும்பினால், உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கும் வழியைக் காட்டி அவளை அனுப்பி வையுங்கள். கற்றதைத் தன் தாயிடம் தமிழில் சொல்லிக் காட்ட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையுடன் அனுப்பி வையுங்கள். தாய் அதைக் கேட்டுத் திருத்தம் சொல்வாளாயின், அந்தத் திருத்தத்தையும் ஆய்வுரையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். படிவத்தில் 'வேலை இல்லை' என்று நாம் எழுதியதைப் படித்துக் காட்டியவளும் அத்தகைய ஒரு மகளே. அன்று மாலையே அந்தப் படிவத்தை அடித்துத் திருத்தி, 'விவசாயம், ஆடு வளர்ப்பு' என்று எழுதினோம். உங்கள் கையிலுள்ள படிவங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.